சிரித்த வாயெல்லாம் பாட்டு

பாட்டுக் கேக்கத்தானே வந்திருக்கீங்க, உக்காருங்க. அந்தத் துணிமூட்டையைத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க, கத்திரிக்கோல் மேல உக்காந்துறாதீங்க. மதுரையில இருந்து நாலு பேரு, திண்டுக்கல்லுல இருந்து ரெண்டு பேரு, எல்லாரும் கே. எம். இன்பநாதன் ரசிகர்கள், பஸ்ஸுல வரும்போதே சண்டை போட்டுக்கிட்டுதான் வந்திருக்கீங்கன்னு முகத்தைப் பாத்தாலே தெரியுது. ‘வாசல் விளக்கை அணைக்காதே’ பாட்டுல ரெண்டாவது சரணத்துல அந்த மனுசன் குரல் ஒரு இடத்துல உடையுதே, அது சளியா அழுகையா, அதானே சண்டை? கேக்கலாம். பாட்டு வரும், வயலினோட வரும். ஆனா அதுக்கு முன்னால நான் சொல்லுறதை முழுசாக் கேக்கணும், நடுவுல எந்திரிச்சா பாட்டு கிடையாது. வாசல்ல பட்டப்பகல்ல பல்பு எரியுதேன்னு உங்கள்ல ஒருத்தரு சுவிட்சுகிட்டக் கையைக் கொண்டு போனாரே, அவருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். அதுல கை வைக்கக் கூடாது.

எம் பேரு வெயிலுகந்தா. முப்பது வருசமா இந்தச் சீவலாங்குளத்துல பொம்பளைங்களுக்கு ரவிக்கை தைக்கேன், எவ முதுகு எம்புட்டு அகலம், எவ மனசு எம்புட்டுக் குறுகல்னு அளவெடுக்காமலே சொல்லிருவேன். எனக்குக் கோவம் சாஸ்தி. ஒருத்தரு ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டா அதைத் துணியில பட்ட கறை மாதிரி துவைச்சுப் போக்கிட்டுப் போற ஜென்மம் இல்ல நான். இந்தக் கதையே அந்தக் கோவத்துலதான் ஓடுது.

எனக்கு ஒரே தம்பி, ஆவுடையப்பன். அய்யா அம்மா போனப்புறம் நான் வளத்த பிள்ளை. தீப்பெட்டி ஆபீசுல மிசின் ரிப்பேரு பாத்தான். அவன் பெண்டாட்டி சொர்ணம் நூல்மில்லுல ஷிஃப்ட்டுக்குப் போவா, அவ எந்த நேரம் வந்தாலும் வாசல் கல்லுல கால் தட்டி விழுந்துறக் கூடாதுன்னு இந்தப் பல்பை எரியவிட்டே வச்சிருப்பான். ஏழு வருசம் நல்லாத்தான் இருந்தாங்க. ஒரு நாள் விடியுறதுக்கு முன்னால அவ பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. யாரோட போனா, எதுக்குப் போனான்னு நான் பேசப் போறதில்ல, அவன் என்னையே பேச விட்டதில்ல. அன்னையில இருந்து பல்பை அணைக்கிறதை அடியோட நிறுத்திட்டான். ஃபியூஸ் போனா அந்த நிமிசமே வேற மாட்டுவான், சாயங்காலம் ஆபீசு விட்டு வந்து அதுக்குக் கீழ உக்காந்து அந்தப் பாட்டைக் கேப்பான், அம்புட்டுதான் அவன் வாழ்க்கை. அதுல யாருக்கு என்ன நட்டம்?

எங்க ஊர்ல இன்பநாதன் ரசிகர் மன்றம் ஒண்ணு இருந்துச்சு. தலைவரு உரக்கடை சமுத்திரபாண்டி, ஆளு கனம், குரல் அதைவிடக் கனம், மைக்கைப் பிடிச்சா கீழ வைக்கத் தெரியாத மனுசன். இன்பநாதன் செத்த நாளன்னைக்கு வருசா வருசம் சமுதாய நலக்கூடத்துல பட்டிமன்றம் போடுவாங்க. அதுல மத்த ஊர்ல இல்லாத வழக்கம் ஒண்ணு உண்டு. ஒரு பாட்டை எடுத்து, இது தேறுமா தேறாதான்னு ரெண்டு கட்சி வாதாடும், கைதட்டலை வச்சுத் தலைவரு தீர்ப்புச் சொல்லுவாரு, தோத்துட்டா அந்தப் பாட்டுக்காகப் பேசுன ஆளு அதோட ரெக்கார்டைத் தலையில சுமந்துக்கிட்டுப் போயி மேடையில இருக்கிற டிரங்குப் பெட்டியில வைக்கணும். பூட்டிருவாங்க. ஒரு வருசத்துக்கு ஊர்ல எந்தக் கல்யாண வீட்டுலயும் கோயில் கொடையிலயும் எந்த மைக்செட்டுக்காரனும் அந்தப் பாட்டைப் போடக் கூடாது. ஒரு பாட்டைச் சிறைக்கு அனுப்புற புத்தி இந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் வரும்.

அந்த வருசம் எடுத்தது ‘வாசல் விளக்கு’. பாட்டுக்காகப் பேச எந்தம்பி போனான். எதிர்க்கட்சி என்ன சொல்லுச்சுன்னா, இது பாட்டே இல்ல, ஒப்பாரி, ராகத்துக்குப் பாதி வழியில காய்ச்சல் வந்துருது, ‘வந்தது யாரென்று கேட்காதே, வாசலில் நானே நிற்கின்றேன்’ங்கிற இடத்துல இன்பநாதனுக்குச் சளி, அன்னைக்கு வேற டேக் எடுக்க நேரமில்லாம அப்படியே விட்டுட்டாங்க, அதைப் போயி உசத்தின்னு சொல்லிட்டுத் திரியுதீங்கன்னு கேட்டுச்சு. ஆவுடை எந்திரிச்சான். கூட்டத்துல நாலு வார்த்தை பேசாத பய, அன்னைக்குப் பேசுனான் பாருங்க, நாங்கெல்லாம் அசந்துட்டோம். “நானே-ன்னு சொல்லிட்டு, நிற்கின்றேன்-ன்னு சொல்லுறதுக்கு முன்னால அவரு ஒரு மூச்சு எடுக்காரு. அந்த இடத்துல மூச்சு எடுக்கக் கூடாது, எந்த வித்துவானும் எடுக்க மாட்டான். ஆனா ஒரு வாசல்ல ரொம்ப நேரமா நிக்கிறவன் அந்த இடத்துலதான் எடுப்பான். நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும்”னான். ஒருத்தரு கை தட்டுனாரு, பின்னால பத்துப் பேரு தட்டுனாங்க, ஜெயிச்சுட்டான்னு நான் நினைச்சேன்.

சமுத்திரபாண்டிக்குப் பொறுக்கல. போன வருசம் தலைவரு நாற்காலியை விட்டு இறங்கி அவரே பேசித் தோத்த பாட்டுக்கு இப்படிக் கை விழலைங்கிற ஆத்திரம். மைக்கை இழுத்து வாய்கிட்ட வச்சாரு. “தம்பி ஆவுடை சொல்லுறது சரிதான். வாசல் விளக்கை அணைக்கக் கூடாது. அவரு அணைக்கவே இல்லையே. அந்த வெளிச்சத்துலதானே வீட்டுக்காரி பெட்டியைத் தேடி எடுத்து, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, கல்லுல கால் தட்டாம பஸ் ஸ்டாண்டுக்கு வழி பாத்துப் போனா”ன்னாரு.

சிரிச்சாங்க. முந்நூறு பேரு சிரிச்சாங்க. ஆம்பளை பொம்பளை எல்லாம், நாற்காலி கிறீச்சிட, கண்ணுல தண்ணி வர, ஒருத்தன் முதுகுல ஒருத்தன் தட்டிக்கிட்டுச் சிரிச்சாங்க. கைதட்டலை எண்ண வேண்டிய தலைவரு சிரிப்பையே தீர்ப்புன்னு சொல்லிட்டாரு. எந்தம்பி ரெக்கார்டை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு அந்தச் சிரிப்புக்கு நடுவுல நடந்து போயிப் பெட்டியில வச்சான். பெட்டியைப் பூட்டுனாங்க. வீட்டுக்கு வந்தவன் அன்னையில இருந்து வாயைத் திறக்கல. பதினோரு மாசம், என்கிட்டகூட ஒரு வார்த்தை கிடையாது. நான் சோறு கொண்டுபோயி வைப்பேன், தின்னுட்டுத் தட்டைக் கழுவி வச்சிருப்பான்.

மறுநாள் காலையில டீக்கடை அந்தோணிமுத்து என்னமோ சொல்ல, பெஞ்சுல இருந்த ஆறு பேரு சிரிக்க வாயைத் திறந்தாங்க. ஆறு வாயில இருந்தும் இன்பநாதன் குரல் வந்துச்சு. வயலின் முன்னால, குரல் பின்னால, ‘வாசல் விளக்கை அணைக்காதே, வழி தெரியாமல் நிற்கின்றேன்’னு, அந்த மனுசன் செத்து ஒன்பது வருசம் கழிச்சு, சீவலாங்குளத்து டீக்கடையில. பல்லவி முடியுற வரைக்கும் வாயை மூட முடியல. முடிஞ்சதும் டீ ஆறிப்போச்சேன்னுதான் வருத்தப்பட்டாங்க, வேற ஒண்ணும் பெருசா நினைக்கல. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே விளங்கிட்டு. அன்னைக்குக் கூடத்துல சிரிச்ச அத்தனை பேருக்கும் சிரிப்புக்குப் பதிலா அந்தப் பாட்டு. லேசாச் சிரிச்சா முணுமுணுப்பு, வாய்விட்டுச் சிரிச்சா பல்லவி, வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சா ரெண்டு சரணமும் சேத்து நாலு நிமிசம் இருபது விநாடி. கூடத்துக்கு வராம வீட்டுல தூங்குன சோம்பேறிங்க எல்லாம் தப்பிச்சுட்டாங்க.

மன்றத்துக்காரங்களுக்கு முதல்ல ஒரே கொண்டாட்டம். இன்பா அண்ணன் நம்ம வாயில வந்து உக்காந்துட்டாருன்னு போஸ்டர் அடிச்சாங்க. எந்தப் பாட்டை ஒப்பாரின்னு பூட்டுனாங்களோ அதே பாட்டை வச்சு மறுபடியும் வாதம் போட்டாங்க, யாரு வாயில வயலின் சுத்தமா வருது, யாரு வாயில தபேலா பிந்துதுன்னு. ஆனா ஒண்ணு கவனிச்சாங்க. அந்த உடையுற இடம், அந்த மூச்சு, யாரு வாயிலயும் வரல. ‘நானே’ன்னதும் ஒரு வெத்து இடைவெளி, அப்புறம் ‘நிற்கின்றேன்’. சமுத்திரபாண்டி வாயில அது ரொம்ப மோசம், ரெக்கார்டுல கீறல் விழுந்த மாதிரி டொக்குன்னு விழும்.

கொண்டாட்டம் எத்தனை நாளைக்கு? ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைப் பையனை எவனோ கிச்சுக்கிச்சு மூட்டிவிட, தாலி கட்டுற நேரத்துல பொண்ணு காதுல ‘வழி தெரியாமல் நிற்கின்றேன்’னு பாடிட்டான். பள்ளிக்கூடத்துல ராசாத்தி டீச்சரு பிள்ளைங்க செஞ்ச குறும்புக்குச் சிரிக்கப் பயந்துக்கிட்டு வகுப்புக்கு வெளிய ஓடி ஓடிப் போனா. தியேட்டர்ல சிரிப்புப் படத்தை நிறுத்திச் சாமி படம் போட்டாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க, பையனுக்கு வேலை என்னன்னு கேக்கிறதுக்கு முன்னால, பையன் சிரிப்பானா பாடுவானான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்குப் பாட்டு கிளம்பிட்டா எதிர்ல இருக்கிறவங்க முடியுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னு ஒரு மரியாதை தானா வந்துட்டு, பாங்கிலயும் ரேஷன் கடையிலயும் வரிசை நின்ன இடத்துலயே நின்னுச்சு. சிரிக்கணும்னு ரொம்ப முட்டுறவங்க குளத்துக் கரைக்குப் போயிச் சிரிச்சுட்டு வந்தாங்க, காத்துல அங்கங்க பாட்டு மிதக்கும்.

எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, அதை மறைக்க மாட்டேன். அனுபவிங்கடா, அனுபவிங்கடின்னு மிசினை மிதிப்பேன். அதோட விடல. அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புப் பேச்சு வராது, ஆத்திரம் வந்து அதைக் கத்துக் குடுத்துட்டு. அளவெடுக்க வந்தவ கையைத் தூக்கிட்டு அசையாம நிப்பா, நான் வாயில குண்டூசியை வச்சுக்கிட்டு, முகத்துல ஒரு சுருக்கம் விழாம, அவ மாமியாரைப் பத்தி ஒரு வார்த்தை விடுவேன். அம்புட்டுதான், நாலு நிமிசம் இருபது விநாடி. சாவு வீட்டுல போயி உக்காந்து செத்தவரு வேட்டி கட்டுற அழகைச் சொல்லுவேன். கிராம சபையில எந்திரிச்சு நின்னு மனு குடுப்பேன், அந்த மனுவுல ஒரு வரி இருக்கும், பஞ்சாயத்துத் தலைவரு, கிளார்க்கு, வார்டு மெம்பரு எல்லாரும் சேந்து பாடுவாங்க. என்னைக் கண்டா தெருவுல ஆளுங்க சந்துக்குள்ள ஒளிஞ்சாங்க. நான் மட்டும் சிரிக்கிறதே இல்ல. தம்பிக்கு நடந்த அவமானத்துல வெயிலுகந்தாளுக்குச் சிரிப்பே செத்துப்போச்சுன்னு ஊரு மரியாதையாப் பேசுச்சு. அன்னைக்குக் கூடத்துல சிரிக்காத ஒரே பொம்பளை அவதான், கூடப்பிறந்தவ எப்படிச் சிரிப்பான்னு பேசுச்சு.

பாட்டை ரெக்கார்டுக்குள்ள திருப்பி அனுப்பிட்டா சரியாயிரும்னு எவனோ யோசனை சொல்ல, பெட்டியைத் திறந்து பாத்தாங்க. ரெக்கார்டு தோசைக்கல்லு மாதிரி வழவழன்னு கிடந்துச்சு, ஒரு கோடு இல்ல. வெளிய வந்த பாட்டு போறதுக்கு இடம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

அதுக்கு நடுவுல சமுத்திரபாண்டிக்குப் பேத்தி பிறந்துச்சு. ஏழு மாசம் ஆச்சு, பிள்ளை சிரிக்கல. பால் குடிக்குது, தவழுது, கண்ணு நல்லாப் பாக்குது, சிரிப்பு மட்டும் இல்ல. டாக்டரு பாத்துட்டுச் சொன்னாராம், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, பிள்ளைங்க முகத்தைப் பாத்துத்தான் சிரிக்கக் கத்துக்கிடும், அதுகிட்ட யாரு சிரிச்சுக் காட்டுனீங்கன்னு. யாரு காட்டுவா? பெத்தவங்க, தாத்தா, ஆச்சி எல்லாரும் அன்னைக்குக் கூடத்துல முன்வரிசை. பிள்ளையைக் கொஞ்சணும்னு வாயைத் திறந்தா வயலின் வருது, அது மிரண்டு அழுவுது. சமுத்திரபாண்டி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு என் வாசலுக்கு வந்தாரு. அந்தக் கனமான ஆளு இளைச்சுப் போயிருந்தாரு. “யக்கா, அன்னைக்கு வீட்டுல தூங்குனவங்களைக் கூட்டியாந்து சிரிக்க வச்சும் பிள்ளை அசையல. கூடத்துல இருந்தும் சிரிக்காதவ நீ ஒருத்தி. உன் சிரிப்பு சுத்தமா இருக்கும். என் பேத்திக்கு ஒரு தடவை சிரிச்சுக் காட்டு. நான் செஞ்சதுக்கு என்னைச் செருப்பால அடி”ன்னாரு.

செருப்பால அடிச்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சு போயிருமே. நான் சொன்னேன், “அந்த டிரங்குப் பெட்டியை உன் கடையில இருந்து உன் தலையில சுமந்துட்டு வா. அதே மைக்கைக் கொண்டு வா. அன்னைக்கு நீ சொன்னது அசிங்கம்னு எந்தம்பி வாசல்ல நின்னு ஊரு கேக்கச் சொல்லு. அப்புறம் பாப்போம்”னேன். மறுநாள் மத்தியானம் வந்தாரு. உச்சி வெயிலு, தகரப் பெட்டி, தலையில சும்மாடுத் துணிகூட இல்ல. பின்னால பேத்தியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்காரங்க, அவங்களுக்குப் பின்னால ஊரே வந்துச்சு. மைக்கைப் பிடிச்சு, “நான் சமுத்திரபாண்டி பேசுதேன், அன்னைக்கு நான் சொன்னது மனுசன் சொல்லுற பேச்சு இல்ல, ஆவுடை, என்னை மன்னிச்சிரு”ன்னு அழுதாரு. எனக்குப் பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் கத்திரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு நின்னு சொன்னேன், “மன்னிப்பு கேட்டாச்சு, நல்லது, போயிட்டு வா. நான் சிரிக்க மாட்டேன். உன் பேத்தி சிரிக்காமலே வளரட்டும்”னேன்.

கூட்டத்துல ஒருத்தி அடிப்பாவின்னு சொன்னது காதுல விழுந்துச்சு. விழட்டும்னு நின்னேன். ஏன்னா, இம்புட்டு நேரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டிருக்கேன். பட்டிமன்றத்துக்கு மறுநாள் காலையில, டீக்கடையில பாட்டு வர்றதுக்கு முன்னாலயே, மிசின் மேல இருந்து பூனை வழுக்கி விழுந்ததுக்கு நான் சிரிச்சேன். என் வாயில இருந்து இன்பநாதன் வந்தாரு. கையில இருந்த துணியை வாயில திணிச்சுக்கிட்டேன். அன்னையில இருந்து நான் சிரிக்கவே இல்ல. சிரிச்சுக் காட்டுன்னு கேட்டா, மாட்டேன்னு சொல்லுறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. பழிக்குப் பழியும் ஆச்சு, என் மானமும் தப்பிச்சுதுன்னு நினைச்சேன்.

அப்பதான் ஆவுடை வீட்டுக்குள்ள இருந்து வந்தான். “பிள்ளையைக் குடுங்க”ன்னான். பதினோரு மாசத்துல முதல் வார்த்தை. சமுத்திரபாண்டி வீட்டுக்காரங்ககிட்ட இருந்து பிள்ளையை வாங்கிக் குடுத்தாரு. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு என் முன்னால வந்து நின்னான்.

“அக்கா, சிரி.”

“நான் எதுக்குடா சிரிக்கணும், இவனுக்கா?”

“இவருக்கு இல்ல. எனக்குச் சிரி. அன்னைக்குச் சிரிச்ச மாதிரி.”

அவன் சத்தம் போடல, பொறுமையாச் சொன்னான். “மேடையில நான் நின்ன இடத்துல இருந்து எல்லா முகமும் தெரிஞ்சுது. ஊரு சிரிச்சது எனக்கு வலிக்கல, ஊருன்னா சிரிக்கத்தான் செய்யும். பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க நீ சிரிச்ச. நான் ரெக்கார்டைத் தலையில வச்சுக்கிட்டு உன்னைத் தாண்டித்தான் போனேன். நீ அப்பயும் நிறுத்தல. அதுக்கப்புறம் எனக்காகச் சண்டை போடுறேன்னு ஊரை அழ வச்சுக்கிட்டுத் திரிஞ்ச. நான் யாரையும் தண்டிக்கணும்னு நினைக்கலக்கா. உன்னை மட்டும்தான்.”

அப்புறம் அவன் அதைச் சொன்னான். சமுத்திரபாண்டி குரல்லயே, அதே இழுப்போட, அதே கனத்தோட, தன் பெண்டாட்டியைப் பத்தித் தானே சொன்னான். “அந்த வெளிச்சத்துலதானே பெட்டியைத் தேடி எடுத்து, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, கல்லுல கால் தட்டாம”ன்னு.

கொடுமை என்னன்னா, எனக்குச் சிரிப்பு வந்துட்டு. என் பிள்ளையா வளத்தவன், கண்ணு கலங்கிப்போயி முன்னால நிக்கான், எனக்கு வயித்துல இருந்து குபுக்குன்னு வருது. பல்லைக் கடிச்சேன், கத்திரிக்கோலை இறுக்கிப் பிடிச்சேன், நிக்கல. வயலின் கிளம்புச்சு. ஊரு அத்தனையும் பாத்துக்கிட்டு நிக்க, என் வாயில இருந்து பல்லவி, முதல் சரணம், ரெண்டாவது சரணம். ‘வாசலில் நானே’ன்னு வந்துச்சு, அந்த இடத்துல குரல் உடைஞ்சு, ஒரு மூச்சு வந்து, அதுக்கப்புறம் ‘நிற்கின்றேன்’னு வந்துச்சு. யாரு வாயிலயும் வராத மூச்சு. எந்தம்பி கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான்.

பாட்டு முடிஞ்சதும் பிள்ளை சிரிச்சுது. கத்திரிக்கோலும் கையுமா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற கிழவியைப் பாத்து, பொக்கை வாயால கலகலன்னு சிரிச்சுது. அதைப் பாத்துச் சமுத்திரபாண்டி சிரிச்சாரு, அவரு வாயில இருந்து வெறும் சிரிப்புதான் வந்துச்சு, எண்ணெய் போடாத கதவு மாதிரி, ஆனாலும் சிரிப்பு. அப்புறம் அவங்க வீட்டுக்காரங்க, அப்புறம் ஊரு. எல்லாருக்கும் திரும்பிட்டு. எனக்கு மட்டும் திரும்பல.

ஆவுடை பிள்ளையைக் குடுத்தான். சுவிட்சை அமுக்கிப் பல்பை அணைச்சான். ஒரு பையை எடுத்துக்கிட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போனான், திரும்பிப் பாக்கல. அவன் போன அந்த நிமிசமே நான் பல்பைப் போட்டேன். மிசினை என் வீட்டுல இருந்து அவனோட இந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். மூணு வருசமாச்சு, ஏழு பல்பு மாத்திட்டேன். அவன் எந்த நேரம் வந்தாலும் கால் தட்டக் கூடாது.

இப்ப நீங்க கேக்க வந்ததுக்கு வாரேன். சிரிப்புப் படம், சிரிப்புப் புத்தகம், எதுக்கும் எனக்குச் சிரிப்பு வராது, போன வாரம் வந்தவங்க குரங்கு வேசம்கூடப் போட்டுப் பாத்துட்டாங்க. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் வரும், அது என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். என் முகத்தைப் பாத்து, எந்தம்பியைப் பத்தி, இந்த வெளிச்சத்தைக் காட்டி, அதை ஒரு எழுத்து விடாமச் சொல்லணும். சொன்னா சத்தியமா நான் சிரிப்பேன், பாட்டு முழுசா வரும், சளியா அழுகையான்னு நீங்களே கேட்டுக்கிடலாம். கேட்டுட்டு எந்திரிச்சுப் போனவங்க நிறைய. சொன்னவங்களும் உண்டு, அவங்க ஒவ்வொருத்தர் முகமும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, உங்கள்ல யாரு சொல்லப் போறது?